இரண்டு விரதமும் ஒரு வயிறும்

மகள் ஜெசிந்தாவுக்கு,

தபசுக்காலம் முழுவதும் அம்மா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாய். கோபமா, உடம்புக்கு முடியவில்லையா, இல்லை கல்யாணத்தில் மனம் மாறிவிட்டதா என்று கேள்விமேல் கேள்வி. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியாது. நேற்றுத்தான் ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடிந்தது. கொழுந்து பறிக்கப் போன தாய்மார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளெல்லாம் இப்போது தொட்டிலில் தூங்குகின்றன. பிள்ளைக் காம்பராவில் இந்த ஒரு நேரம்தான் எனக்குச் சொந்தமான நேரம் என்று உனக்குத் தெரியும். ஒன்று முழித்துக்கொண்டால் எழுத்து நடுவில் நிற்கும். பொறுத்துக்கொண்டு படி. நுவரெலியா மடத்தில் தையல் படிக்கும் பிள்ளைக்கு வரும் கடிதத்தை மதர் முதலில் பிரித்துப் படிப்பாராமே. படிக்கட்டும். அவருக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

உன் அம்மா லேசில் யாரையும் நம்பமாட்டாள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. பால்மாவு டின்னை நான் பூட்டி வைப்பதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் உண்டு. பிரஜாவுரிமைக்கு மனு எழுதித் தருகிறேன் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவரிடம், உங்கள் மனுவை நீங்கள் முதலில் காட்டுங்கள் என்று கேட்டவள் நான். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பா என்னைக் கட்டுவதற்காகவே ஞானஸ்நானம் வாங்கியவர். ஜெபமெல்லாம் தலைகீழாக ஒப்பிப்பார். கோயிலில் அவர் முழங்கால் போட்டிருக்கும் அழகைப் பார்த்து அப்போதிருந்த சாமியாரே மெச்சினார். நீ தவழ ஆரம்பித்த வருஷம், கதிர்காமத்துக்கு நடக்கிறேன் என்று ஒரு கூட்டத்தோடு போனவர் போனவர்தான். வலப்பனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார் என்று பிறகு தகவல் வந்தது. அவர் பழைய சாமியிடம் திரும்பிப் போனதுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

இப்படிப்பட்டவளிடம் வந்து, மருதமுத்துவும் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கிறார், பாஸ்குவுக்குப் பிறகு எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைங்கம்மா என்று நீ சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் ஒன்றும் பேசவில்லை. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் பஸ் ஏறிவிட்டாய். சாமியாரும், நீங்களே பெடியனுக்கு ஜெபம் சொல்லிக் கொடுங்கோ, ஆள் எப்படி என்று பாஸ்குவுக்கு முதல் எனக்குச் சொல்லுங்கோ என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். மாதம் ஒருமுறை, தபசுக்காலத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தோட்டத்துக்கு வருகிறவர், அவர்தான் என்ன செய்வார். கோயில் சாவி என்னிடம்; வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை நடத்துகிறவளும் நான். ஆக, உன் கல்யாணம் என் வாயில்தான் இருந்தது. இது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீ தினமும் கடிதம் போட்டிருப்பாய்.

மருதமுத்து தினமும் வேலை விட்டதும் காம்பராவுக்கு வந்து, பிள்ளைகளின் பெஞ்சில் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து படித்தான். சொன்னதைச் சொன்னபடி ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். அதுதான் எனக்கு முதல் உறுத்தல். இப்படிச் சட்டென்று பிடித்துக்கொள்கிறவரை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாயிற்று. போதாததற்கு இவன் கூத்துக்காரன். காமன் கூத்தில் இரண்டு வருஷம் ரதி வேஷம் கட்டியவன். சேலை கட்டிக்கொண்டு, எரிந்துபோன மன்மதனுக்காக அவன் அழுத அழுகையில் நீயும் நானும்கூடத்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்தோம். ஆணாக இருந்துகொண்டு அப்படி அழத் தெரிந்தவனுக்கு, பக்திமானாக நிற்கத் தெரியாதா?

இந்த வருஷம் விபூதிப் புதன் வந்த வாரமே, மூன்றாம் பிறை பார்த்துக் கீழே இருக்கும் பணிய லயத்துக்காரர்கள் காமனை ஊன்றிவிட்டார்கள். நம் தோட்டத்தில் இது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மேலே கோயிலில் நாம் நெற்றியில் சாம்பல் வாங்குகிறோம். கீழே பொட்டலில் அவர்கள் கம்பம் நட்டுக் காப்புக் கட்டுகிறார்கள். நாமும் ஒருநேரச் சோறு, அவர்களும் ஒருநேரச் சோறு. நமக்கும் கறி கிடையாது, அவர்களுக்கும் கிடையாது. யார் எந்த விரதம் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும்போது முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அன்று மருதமுத்து நம் சாம்பலோடு வேலைக்குப் போனபோது, என்ன மாப்ள, நம்ம ஆளாவே இருக்கியே என்று அதைத் திருநீறு என்று நினைத்துக் கங்காணி சிரித்தாராம். மற்றவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அவனிடம், தபசுக்காலத்தில் ஒருசந்தி இருக்க வேண்டும், மத்தியானம் ஒரு வேளை மட்டும் நிறைய சாப்பிடலாம் என்று சொன்னேன். "ஆகட்டும் அத்தை"ன்னான். அதோடு விட்டானா? விடியுமுன் மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரில் தலைமுழுகினான். மாசிக் குளிரில் இங்கே பீலித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தாடி விட்டான். செருப்பைக் கழற்றி வைத்தான். நம் வேதத்தில் யார் இதையெல்லாம் கேட்டது? ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வேண்டுமென்றே கருவாட்டுக் குழம்பு வைத்து அவனைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை நமக்குக் கறிதான் ஆகாது, மீன் ஆகும். காமன் விரதக்காரனுக்கு மீனும் ஆகாது. தட்டை அவன் முன்னால் நகர்த்திவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வேணாங்க அத்தை, விரதம்"னு சொல்லி, பால் விடாத வெறும் சாயத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டான். பிடிபட்டான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அப்போது நான் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்ததும் அவன் ஜெபப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கிளம்பினான். கீழே தப்பு மேளச் சத்தம் தொடங்கியிருந்தது. நான் கோயிலைப் பூட்டிக்கொண்டு, தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் அவன் பின்னாலேயே போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. காமன் பொட்டலுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறதே, அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் வேஷக்காரர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தான். கூத்து வாத்தியார் தாளம் போட, ரதியின் பாட்டை அவன்தான் பாடினான். ஒரு அடி பாடி நிறுத்துவான், மறுபடி பாடுவான். ஏன் அப்படி நிறுத்தி நிறுத்திப் பாடுகிறான் என்று யோசிக்க எனக்குப் பொறுமை இல்லை. சற்று முன்தான் என் கோயிலில், என் ஆண்டவர் மூன்றாந்தரம் விழுந்ததற்கு முழங்கால் போட்டவன். அதே வாயால் இங்கே ரதி பாடுகிறான். பார்த்தது போதும் என்று வீட்டுக்கு வந்து, உனக்கு ஒரு கடிதம் எழுதி, படித்துப் பார்த்து, அடுப்பில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தார். நான் முழங்கால் போட்டதும் எல்லாவற்றையும் கொட்டினேன். கருவாடு, பீலி, தாடி, பொட்டல், பாட்டு, ஒன்றையும் விடவில்லை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் தன் யாழ்ப்பாணத்துப் பேச்சில், "இதெல்லாம் ஆற்ற பாவம்?" என்று கேட்டார்.

"மருதமுத்துவோடதுங்க சாமி."

"அவர் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கேல்லை. அவற்ற பாவமெல்லாம் அந்தத் தண்ணியோட போயிடும். உங்கட பாவத்தைக் கேக்கத்தான் நான் இதில இருக்கிறன். அதைச் சொல்லுங்கோ."

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை மகளே. நான் ஒருசந்தி தவறியதில்லை, சோறு வடிக்கும்போதெல்லாம் ஏழைகளுக்கென்று ஒரு பிடி கூப்பன் அரிசியைத் தனிப் பானையில் போட்டு வந்தேன், ஜெபமாலை விட்டதில்லை. சுருபங்களுக்குப் போர்த்த ஊதாத் துணியைக்கூட முன்கூட்டியே துவைத்து வைத்திருந்தேன். கடைசியில், பிள்ளைகளிடம் சத்தம் போட்டேன் என்று ஏதோ சொல்லி அபராத ஜெபம் வாங்கிக்கொண்டு எழுந்தேன். சாமியார் மேல் எரிச்சலாக வந்தது. அதைவிட வேறொரு சிக்கல். பாவசங்கீர்த்தனத்தில் காதில் விழுந்ததை அவர் வெளியே எடுத்து எதுவும் செய்ய முடியாது. நான் சொன்னது சொல்லாததற்குச் சமம். உன் கல்யாணம் நிற்க வேண்டுமென்றால், நானே வெளியில் வந்து, பகலில், அவர் முகத்தைப் பார்த்து மறுபடி சொல்ல வேண்டும். திரைக்குப் பின்னால் படபடவென்று வந்த வார்த்தை, வெளியே கோயில் வாசலில் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வரவில்லை. நாளைக்கு ஒரு பெண் அழப் போகிறாள், அது என் மகள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ, மத்தியானம், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மருதமுத்துவின் அம்மா பேச்சியம்மா கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். நம் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவள். வந்த வேகத்தைப் பார்த்து ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது.

"ஆயம்மா, உங்ககிட்ட ஒரு ஞாயம் கேக்கணும். எம் மகன என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"நான் என்ன பண்ணேன்?"

"வீட்டுல ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குறான். எலும்பும் தோலுமா ஆயிட்டான். கேட்டா விரதங்குறான். எந்தச் சாமிக்குடான்னா வாயத் தொறக்க மாட்டேங்குறான். இவன் சின்னதுல மலேரியாக் காச்சல்ல கெடந்தப்ப, மூணு வருசம் ரதி கட்டுறேன்னு காமனுக்கு நேந்துக்கிட்டவ நானு. இது மூணாவது வருசம். வேசந்தான் கட்டல, விரதமாச்சும் இருடான்னேன். ஆகட்டும்மான்னான். இப்ப பாத்தா அவன் இருக்குறது ஒங்க ஏசு சாமிக்கு. எனக்குத் தெரியாதா?"

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "ஏசுவுக்கா? அவன் இருக்குறது ஒங்க காமனுக்குங்க! என் கையால குடுத்த மீனத் தொடல. விடியறதுக்கு முன்னாடி பீலியில நிக்கிறான். பொட்டல்ல நின்னு பாடுறத இந்தக் கண்ணால பாத்தேன்."

"எங்க வீட்டுல திங்கலன்னா ஒங்க வீட்டுலதான திங்குறான்? மத்தியானம் ஆயம்மா வீட்டுல ஆச்சுங்குறானே!"

"எங்க வீட்டுலயா? அம்மா கையால சாப்புட்டுக்கிறேன் அத்தைன்னுல்ல எங்கிட்ட சொல்லிட்டுப் போறான்!"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் வீட்டிலும் சோறில்லை, நம் வீட்டிலும் சோறில்லை. அப்படியானால் இத்தனை நாளாக இவன் என்னத்தைத் தின்று உயிரோடு இருக்கிறான்? அவளுக்கு உடனே அழுகை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பேச்சியம்மா சொன்ன எலும்பும் தோலும் என் கண்ணில் பட்டதே இல்லை. தாடிக்குள் இருந்த கன்னம் இருந்தபடியேதான் இருந்தது. அதுவும் என் மனதில் ஒரு ஓரமாகக் கிடந்த சந்தேகம்தான். காம்பராவை உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு, வாங்க போய்ப் பார்ப்போம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவன் அன்று மேட்டு மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான்.

சம்பந்தி ஆகப்போகிற இரண்டு பேர் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிய காட்சியைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். பேச்சே இல்லை. மலையில் மற்ற ஆட்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இன்னும் கவ்வாத்து வெட்டாத செடிகள் இருந்த பக்கம் நான் நடந்தேன். ஒரு செடிக்குப் பின்னால், சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தான் உன் மருதமுத்து. மடியில் இலை. இலையில் கனமான ரொட்டி, மிளகாய் இடித்த கட்டச் சம்பல், பொரித்த கருவாடு. பக்கத்தில் போத்தல் நிறைய தேத்தண்ணி. வாய் நிறைய அடைத்திருந்தான். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும், மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் திணறினானே, அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

பேச்சியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவி! காமனுக்கும் இல்ல, ஏசுவுக்கும் இல்ல, கருவாட்டுக்காடா நீ விரதம் இருந்த?"

அவன் விழுங்கி முடித்து, கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். ரொட்டியை முஸ்லிம் நானா கடையில் வாங்குவதாகச் சொன்னான். இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மூன்றாவது அடுப்பாகப் பார்த்திருக்கிறான். ஏண்டா எங்களிடம் பொய் சொன்னாய் என்று நான் கேட்டேன்.

"கவ்வாத்து வெட்டுறவன் பட்டினியா நிக்க முடியுமாங்க அத்தை? கத்தி கால்ல விழும். மொத நாளே சாமியார்கிட்ட கேட்டுட்டேன். பாரமான வேல செய்யிறவங்களுக்கு ஒருசந்தி இல்ல, சாப்புட்டுட்டு வேலயப் பாருன்னுட்டாரு. அதுக்குப் பதிலா சாராயத்த விடுன்னாரு. விட்டுட்டேன்."

"அத எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீங்க இருன்னீங்க. அம்மாவும் இருன்னுச்சு. ரெண்டு பேரு மனசும் நோகக் கூடாதுன்னு ஆகட்டும்னுட்டேன். பீலியில குளிச்சது நெசம். தாடி ஒங்க ரெண்டு பேருக்கும் காட்டத்தான். மீனத் தின்னுட்டு நேரா வீட்டுக்குப் போனா அம்மா வாய மோந்து பாக்கும், அதான் ஒங்க வீட்டுல தொடல. நான் சாப்புடுறது சாமிக்குத் தெரியும்ங்க அத்தை. தெரியாதது ஒங்க ரெண்டு பேருக்குந்தான்."

பேச்சியம்மா சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு, ஆமா, இவன் குடிச்சு நான் பாத்து நாளாச்சு என்றாள், தனக்குத்தானே பேசுவதைப் போல. சம்பள நாளில் இவன் எந்தக் கோலத்தில் வருவான் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அந்த மாதச் சம்பள நாளில் அவன் நேராகக் காம்பராவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து விசுவாசப் பிரமாணம் சொன்னான். மீன் வாடைக்காக நான் மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சாராய வாடை இல்லாதது அந்த மூக்குக்குத் தெரியவே இல்லை.

ஆனாலும் நான் அவனை விட்டுவிடவில்லை. "சரி, அது போகட்டும். பொட்டல்ல ஒனக்கு என்ன வேல? வெள்ளிக்கிழம சிலுவப்பாத முடிஞ்ச கையோட போயி ரதி பாட்டுப் பாடுனத நான் பாத்தேன்" என்றேன். அவன் முகம் மாறியது. அதுவரை திருட்டுப் பூனை மாதிரி நின்றவன் நேராக என்னைப் பார்த்தான்.

"இந்த வருசம் எங்க சின்னய்யா மகன்தான் ரதி. அவனுக்குப் பாட்டு வராது. ஒவ்வொரு அடியா சொல்லிக் குடுத்தேன். நான் வேதத்துல சேரப் போறேன்னு வாத்தியார்கிட்ட மொத நாளே சொல்லிட்டேன். ஆனா வேசத்த ஒப்படைச்சிட்டுத்தானே வரணும் அத்தை? அங்க பாதியில விட்டுட்டு வந்தா, ஒங்க வீட்டையும் ஒருநாளு பாதியில விட்டுட்டுப் போயிடுவேன்னு நீங்க நெனைக்க மாட்டீங்களா?"

உன் அப்பாவின் கதை அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லியிருப்பாய். தோட்டத்தில் யார் சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. நான் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பேச்சியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, தேத்தண்ணிப் போத்தலை எடுத்து நீட்டினாள். என் ஒருசந்தி நாளில், நேரம் கெட்ட நேரத்தில், நானா கடைத் தேத்தண்ணியை மடமடவென்று குடித்தேன்.

இறங்கி வரும்போது நாங்கள் பேசிக்கொண்டே வந்தோம். அவள் காமனிடம் என்ன சொல்லிச் சமாதானம் ஆவாள் என்பது அவள் பாடு. அதில் நான் தலையிடவில்லை. என் பாட்டைத்தான் யோசித்தேன். தபசுக்காலம் என்றால் ஆண்டவர் பாடுபட்டதைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இந்த வருஷம் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பையனின் வாயை. சிலுவைப்பாதையில் ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்கால் போட்டபோதும், இவன் எப்படி முழங்கால் போடுகிறான் என்று ஓரக் கண்ணால் பார்த்தேன். ஒரு நேரம் சாப்பிட்டதில் எனக்கு என்ன மிஞ்சியது? மற்ற இரண்டு நேரமும் அடுத்தவனைத் தின்றுகொண்டிருந்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சாமியார் கேட்டபோது வராத பாவம் மலையிலிருந்து இறங்கும்போது வரிசையாக வந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை எல்லாம் என்னுடையதே.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. காமனை எரித்த அன்று நான் மறுபடி அந்தப் பாறைப் பக்கம் போனேன். கடைசி நேரத்தில் சேலையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவானோ என்று பார்க்கத்தான் போனேன். அவன் கூட்டத்தோடு கூட்டமாகக் கைகட்டி நின்றான். புது ரதி ஒரு இடத்தில் அடியை மறந்து தடுமாறியபோது இவன் உதடு மட்டும் அசைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அது பொறுக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அங்கே இன்னும் இவனுக்கு மனம் இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் இரண்டு வருஷம் பாடியதை விட்டு வருகிறவனுக்குக் கண்ணீர்கூட வராவிட்டால், அவன் எதை விட்டாலும் வராது என்றும் தோன்றியது. இரண்டில் எது சரி என்று எனக்கு இன்னும் தெரியாது.

உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, கல்யாணப் பெண்ணுக்கு வேறு எவரும் சொல்லமாட்டார்கள். இவன் மனம் நோகக் கூடாது என்று பொய் சொல்கிறவன். இரண்டு அம்மாக்களிடம் சொன்னான், மூன்றாவது நீ. சாப்பிட்டேன் என்பான், சட்டியைத் திறந்து பார். காய்ச்சல் இல்லை என்பான், நெற்றியைத் தொட்டுப் பார். உன் சமையல் நன்றாக இருக்கிறது என்றால் நீயும் ஒரு வாய் தின்று பார்த்துக்கொள். உன் சொல்லுக்குப் பயந்து அவன் பொய் சொல்லும்படி நீ மட்டும் நடந்துகொள்ளாதே. எங்களிடம் உண்மையைச் சொல்ல அவனுக்கு இடமே இல்லாமல் வைத்திருந்தோம், அதை நீ செய்யாதே. வருகிற வருஷம் உன் வீட்டில் தபசுக்காலம் வரும்போது, விளக்கு வைத்து ஒன்றாக ஜெபம் சொல்லுங்கள், ஒரு பிடி அரிசி எடுத்து வையுங்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போங்கள். அவன் எத்தனை ரொட்டி தின்றான் என்று மட்டும் எண்ணாதே. அதை எண்ண உன் மாமியார் இருக்கிறாள், நானும் இருக்கிறேன்.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் கோயில் வாசலில் என்னை நிறுத்தி, "பெடியனைப் பற்றி என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன் நிழல்கூட அவர் முகத்தில் இல்லை. பெரிய வியாழன் சொல்கிறேன் சாமி என்றேன். அந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. நான் சரி என்று சொல்லி, பிறகு ஒருநாள் நீ கைப்பிள்ளையோடு என் வாசலில் வந்து நின்றால், அந்தப் பாரத்தை நான் யாரிடம் இறக்குவேன்? சரியில்லை என்று சொன்னால் இந்த வருஷம் ஞானஸ்நானம் இல்லை, கல்யாணமும் இல்லை. நீ என்னை மன்னித்தாலும் என் முகத்தைப் பார்க்கமாட்டாய். சுருபங்களெல்லாம் ஊதாத் துணிக்குள் இருந்தன. யாரைப் பார்த்துக் கேட்பது என்றும் தெரியவில்லை.

பெரிய வியாழன் அன்று, பாதம் கழுவும் சடங்குக்கு நான் தண்ணீர் கொண்டு போய் வைத்தபோது, சாமியார் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"அவன் பொய் சொல்லுவான் சாமி. சோத்து விசயத்துல கட்டாயம் சொல்லுவான். ஆனா விட்டுட்டுப் போறவன் இல்ல."

சனிக்கிழமை அவனுக்குச் சூசை என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நேற்றுப் பூசையில் உங்கள் இருவருக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. ஒரு ஆண்பிள்ளையைப் பற்றி நான் இந்த வாயால் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை மகளே. நீ சீக்கிரம் வந்து சேர்.

உன் அம்மா